பகடையும் பண்ணையும்: மேசை வேடமேற்பு விளையாட்டில் இடைக்காலப் பிரபுவின் மேனரை நடத்தும் முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் வேடமேற்பு விளையாட்டுகளில், ஒரு பெரிய சாகசத்தின் முடிவில் வீரனுக்கு நிலம் பரிசாகக் கிடைப்பது வழக்கம். பெரும்பாலான குழுக்களில் அந்த நிலம் பாத்திரத் தாளின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டு, அடுத்த அமர்விலேயே மறக்கப்பட்டுவிடுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நைட்டின், அதாவது பட்டம் பெற்ற குதிரைவீரனின், குதிரை, கவசம், மகளின் திருமணம், அரசனிடம் அவனுக்கிருந்த மதிப்பு ஆகிய எல்லாமே அந்த நிலத்திலிருந்துதான் வந்தன என்பதால், இதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். 1985-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட பென்ட்ராகன் விளையாட்டு, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சாகசத்தை நிறுத்திவிட்டு நிலத்தையும் குடும்பத்தையும் கவனிக்கும் ஒரு கட்டத்தை விதியாகவே வைத்திருக்கிறது. அதே எண்ணத்தை எந்த விளையாட்டோடும் இணைத்துக்கொள்ளும் வகையில், முதன்முறையாகப் பண்ணை நடத்தப்போகும் ஆட்டக்காரருக்கும் ஆட்ட நடத்துநருக்கும் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதும் ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்க வேண்டும். யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று சொல்ல முடியாத வரவோ செலவோ இருந்தால், அதைத் தாளிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது. தேவையானவை ஒரு தாள், ஒரு பென்சில், இரண்டு ஆறுமுகப் பகடைகள், பாதியாகப் பிளக்கக்கூடிய சில மெல்லிய மரக்குச்சிகள்.

படி 1: இடத்தையும் காலத்தையும் முடிவு செய்யுங்கள்

"இடைக்காலம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எந்த எண்ணையும் நம்பி எழுத முடியாது. இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது தென் இங்கிலாந்து. காலம் 1280-ஐ ஒட்டியது. அரியணையில் முதலாம் எட்வர்டு. பிரபுவின் நிலமும் அதில் வாழும் குடிகளும் சேர்ந்த பண்ணையான மேனரின் கணக்குகள் ஏராளமாக எழுதி வைக்கப்பட்ட காலம் அது என்பதால், ஆட்டத்துக்கு வேண்டிய அளவுகளை ஊகிக்கும் சிரமம் குறைவு. ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானமுள்ள நிலம் வைத்திருப்பவர்கள் நைட் பட்டம் ஏற்றே தீர வேண்டும் என்று எட்வர்டு 1278-இல் ஆணையிட்டார். ஆகவே நம் பிரபுவின் மேனருக்கும் 20 பவுண்டு வருமானத்தையே வைப்போம். அதற்குக் கீழே போனால் அவருடைய தகுதியே ஆட்டம் காணும் என்பது கதைக்குப் பயன்படும் அச்சம்.

நாணயக் கணக்கு எளிது: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. புழக்கத்தில் இருந்தது பெரும்பாலும் வெள்ளிப் பென்னிதான். பவுண்டும் ஷில்லிங்கும் கணக்கில் மட்டுமே வாழ்ந்த அளவுகள். பிரபுவின் பெட்டியைத் திறந்து காட்டும் காட்சி வந்தால், அதில் இருப்பது சின்னச் சின்ன வெள்ளிக்காசுகள் என்று வருணியுங்கள்.

படி 2: பண்ணைத் தாளை எழுதுங்கள்

மேனரின் நிலம் இரண்டு வகை. ஒன்று, பிரபு தன் பொறுப்பிலேயே பயிரிடும் சொந்தப் பண்ணை. மற்றொன்று, குடியானவர்கள் உழுது நிலவாடகையும் ஊழியமும் செலுத்தும் நிலம். சொந்தப் பண்ணைக்கு 180 ஏக்கர் என்று எழுதி, அதை 60 ஏக்கர் வீதம் மூன்று வயல்களாகப் பிரியுங்கள். ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். இன்னொன்றில் வசந்தத்தில் ஓட்ஸ் அல்லது பார்லி. மூன்றாவது வயல் அந்த ஆண்டு தரிசாகக் கிடந்து, ஆடுமாடுகள் மேய்ந்து உரமேறும். அடுத்த ஆண்டு இந்த வரிசை ஒரு வயல் நகரும். எந்த வயல் எந்த ஆண்டு தரிசு என்பதைக் குறித்து வைத்தால், பகைவரின் குதிரைப்படை எந்த வயலை மிதித்தது என்ற கேள்விக்கு உடனே பொருள் கிடைத்துவிடும்.

குடியானவர் குடும்பங்கள் 25 இருக்கட்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 ஏக்கர் உழுது, ஆண்டுக்கு 4 ஷில்லிங் செலுத்துகிறது. அதன் கூட்டுத்தொகை 5 பவுண்டு. இவர்களில் பெரும்பாலோர் மேனரோடு கட்டுண்டவர்கள். வாரத்தில் சில நாள் பிரபுவின் பண்ணையில் ஊழியம் செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் கூடுதலாக வர வேண்டும், அப்போது உணவு பிரபுவின் பொறுப்பு. மகளுக்குத் திருமணம் செய்துவைக்கவும் பிரபுவுக்குக் கட்டணம் உண்டு. குடும்பத் தலைவர் இறந்தால், அந்த வீட்டின் சிறந்த கால்நடையைப் பிரபு எடுத்துக்கொள்ளலாம்.

ஆடுகள் 240. அக்காலத்து ஆடு சிறியது. ஒன்றுக்கு ஒன்றரை ராத்தல் கம்பளி என்று வைத்தால் 360 ராத்தல் தேறும். ஒரு சாக்குக் கம்பளி என்பது 364 ராத்தல். ஆகவே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சாக்கு, ஆட்டக் கணக்கில் 5 பவுண்டு. மாவரைக்கும் நீராலையைக் குத்தகைக்கு விட்டதில் 2 பவுண்டு, மேனர் நீதிமன்ற அபராதங்களில் 1 பவுண்டு, மேய்ச்சல், விறகு முதலிய சில்லறை வரவில் 1 பவுண்டு. மீதி 6 பவுண்டு கோதுமை விற்பனையிலிருந்து வர வேண்டும். அந்த 6 பவுண்டு மட்டும் பகடையைப் பொறுத்தது.

செலவுப் பக்கம் இப்படி அமையட்டும்: அலுவலர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் 4 பவுண்டு, கட்டடப் பழுது, ஏர், இரும்பு ஆகியவற்றுக்கு 3, உப்பு, மெழுகு, துணி, திராட்சை மது வாங்க 3, குதிரை, ஆயுதம், கவசத்துக்கு 5, தானதர்மத்துக்கு 1. ஆக 16. நல்லபடியாகப் போன ஆண்டில் கையில் நிற்பது 4 பவுண்டு. மாளிகையும் கோபுரமும் கனவு காணும் ஆட்டக்காரருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் இந்த இறுக்கம்தான் ஆட்டத்துக்கு உயிர் தருகிறது, ஆகவே நடத்துநர் இதைத் தளர்த்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

படி 3: ஆட்களுக்கு முகம் கொடுங்கள்

தொடக்கத்தில் ஐந்து பேர் போதும். பல மேனர்களைச் சுற்றிப் பார்க்கும் மேலாளரான ஸ்டூவர்டு, சம்பளத்துக்கு வெளியிலிருந்து வந்து மேனரைக் கண்காணிக்கும் பெய்லிஃப், குடியானவர்களுள் ஒருவராக இருந்துகொண்டே அவர்களுக்கும் பிரபுவுக்கும் நடுவில் நிற்கும் ரீவ், ஆலைக்காரர், பங்குத்தந்தை. மேனர் ஒன்றே ஒன்று என்றால், ஸ்டூவர்டின் பொறுப்பைப் பிரபுவின் மனைவியிடம் கொடுங்கள். கணவர் போருக்குப் போன மாதங்களில் சீமாட்டிகளே பண்ணையை நடத்தியது அக்காலத்தில் சாதாரணமான நடைமுறை. லிங்கன் ஆயர் ராபர்ட் குரோசெட்டெஸ்ட் வீட்டையும் நிலத்தையும் நடத்தும் விதிகளை எழுதித் தந்ததும் லிங்கன் சீமாட்டி ஒருவருக்குத்தான்.

ஐவரில் ரீவுக்கு மிகுந்த கவனம் கொடுங்கள். அவர் தன் அண்டை வீட்டாரையே வேலைக்கு விரட்ட வேண்டியவர். கணக்கில் துண்டு விழுந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டியவர். அவருக்கு ஒரு பெயர், ஒரு கவலை, ஒரு மறைவான செய்தி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள்.

படி 4: விளைச்சலை உருட்டுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். 60 ஏக்கர் கோதுமைக்கு ஏக்கருக்கு 2 புஷல் (தானியம் அளக்கும் முகத்தல் அளவு) விதை என்றால் 120 புஷல். எட்டு புஷல் ஒரு குவார்ட்டர் என்ற அளவில் 15 குவார்ட்டர். அக்கால விளைச்சலை விதையின் மடங்காகவே பேசினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய ஹென்லி ஊரின் வால்டர், விதைத்ததுபோல் மூன்று மடங்கு மட்டுமே விளைந்தால், தானியம் நல்ல விலைக்குப் போனாலொழிய இலாபமில்லை என்று எச்சரிக்கிறார். இந்த ஒரு கருத்தே நம் விதிக்கு அடித்தளம்.

நடத்துநர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை மறைத்து உருட்டட்டும். கூட்டுத்தொகை 2 அல்லது 3 என்றால் இரண்டு மடங்கு விளைச்சல், விலை குவார்ட்டருக்கு 10 ஷில்லிங். 4 முதல் 6 வரை என்றால் மூன்று மடங்கு, விலை 7. 7 முதல் 10 வரை என்றால் நான்கு மடங்கு, விலை 5. 11 அல்லது 12 என்றால் ஐந்து மடங்கு, விலை 4. பாதி ஆண்டுகள் நான்கு மடங்காகவும், மூன்றில் ஒரு பங்கு ஆண்டுகள் மூன்று மடங்காகவும் அமையும். பேரிழப்பும் பெருவிளைச்சலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீதம் வரக்கூடும்.

நான்கு மடங்கு விளைந்த ஆண்டைப் பாருங்கள். களத்தில் 60 குவார்ட்டர். அதில் பத்தில் ஒன்று, அதாவது 6, திருச்சபைக்குத் தசமபாகம். அடுத்த ஆண்டு விதைக்கு 15. வீட்டாரின் ரொட்டிக்கு 15. மீதி 24 குவார்ட்டரை 5 ஷில்லிங் வீதம் விற்றால் 120 ஷில்லிங். நாம் எதிர்பார்த்த 6 பவுண்டு சரியாக வந்துவிடுகிறது. இப்போது இரண்டு மடங்கு விளைந்த ஆண்டு: களத்தில் 30, தசமபாகம் 3, விதை 15 போக மிஞ்சுவது 12. வீட்டுக்கே 15 வேண்டும். விற்பதற்கு ஒன்றுமில்லை, மூன்று குவார்ட்டரைப் பத்து ஷில்லிங் விலைக்கு வாங்க வேண்டும். 6 பவுண்டு வரவு இருந்த இடத்தில் ஒன்றரைப் பவுண்டு செலவு. கையில் நின்றிருக்க வேண்டிய 4 பவுண்டு மறைந்து, மூன்றரைப் பவுண்டு பற்றாக்குறை வந்து நிற்கிறது. விளைச்சல் பாதியானால் வருமானம் பாதியாகும் என்று நினைத்திருந்த ஆட்டக்காரர், இந்தக் கணக்கைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தாலே இடைக்காலத்து மழையைப் பற்றிய அச்சம் அவருக்குப் புரிந்துவிடும். அதனால் முதல் ஆண்டுக் கணக்கை நடத்துநர் போட்டுக் கொடுக்காமல் அவரிடமே விடுங்கள்.

ஓட்ஸ் வயலைக் காசுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது குதிரைகளுக்கும் பண்ணையாட்களின் கூலித் தானியத்துக்கும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இரண்டு மடங்கு வந்தால், விதைத் தானியத்தை உண்பதா, பட்டினி கிடப்பதா என்ற கேள்வி எழ வேண்டும். விதையில் உண்ட ஒவ்வொரு குவார்ட்டருக்கும் அடுத்த ஆண்டு விளைச்சல் அதே விகிதத்தில் குறையும். இடைவிடாத மழையால் 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மக்கள் உண்மையிலேயே எதிர்கொண்ட நிலை இது. ஆகவே நடத்துநர் இதை விரைந்து கடந்து போகாமல், ஒரு முழுக் காட்சியாக விரிக்க வேண்டும்.

படி 5: குடிகளின் மனத்தை அளவிடுங்கள்

தாளின் மேல் மூலையில் "குடிமனம்" என்று எழுதி, 1 முதல் 10 வரையுள்ள அளவுகோலில் 6-இல் தொடங்குங்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டில் குடியானவர்களின் வயலும் பொய்த்திருக்கும். அப்போது 5 பவுண்டு நிலவாடகையை முழுதாகக் கேட்டால் குடிமனம் 2 குறையும். பாதியைத் தள்ளிவைத்தால் மாறாது. முழுவதையும் விட்டுக்கொடுத்தால் 2 கூடும். குடிமனம் 3-க்குக் கீழே போனால், ஊழியத்துக்கு வருபவர்கள் மனமின்றி உழுவதால் அடுத்த விளைச்சல் உருட்டலில் 1 கழிக்க வேண்டும். 8-க்கு மேலே போனால், மோசமான உருட்டலை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் உருட்டலாம். 1-ஐத் தொட்டால் ஆண்டுக்கு ஒரு குடும்பம் இரவோடிரவாக நகரத்துக்கு ஓடிவிடும். சாசனம் பெற்ற நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் கட்டுண்டவர் விடுதலை பெறுவார் என்ற வழக்கம் அன்று இருந்தது. துரத்திப் பிடிக்கும் சாகசம் வேண்டுமென்றால் அதற்கான கெடுவும் இதிலேயே இருக்கிறது.

குடிமனத்தை மாற்றும் சிறந்த களம் மேனர் நீதிமன்றம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடுவது வழக்கமென்றாலும், ஆட்டத்தில் ஆண்டுக்கு ஒரு வழக்கு போதும். கணவரை இழந்த ஒரு பெண், வீட்டில் இருக்கும் ஒரே பசுவையும் பிரபுவின் உரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்கிறார். பெய்லிஃப், இவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்கிறார். ரீவ் தலைகுனிந்து நிற்கிறார், ஏனெனில் அந்தப் பெண் அவருடைய தங்கை. பகடைக்கு இங்கே வேலை இல்லை. ஆட்டக்காரர் தீர்ப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஆலையும் இப்படிப்பட்ட வழக்குகளைத் தரும். குடியானவர்கள் பிரபுவின் ஆலையில்தான் மாவரைத்து, அதற்கு ஒரு பங்கு தானியம் தர வேண்டும். வீட்டில் கைத்திரிகை வைத்திருப்பது குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்தின் தலைவர் 14-ஆம் நூற்றாண்டில் மக்களின் திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து தன் கூடத்துக்குத் தளமாகப் பதித்தார். 1381-இல் நடந்த குடியானவர் கிளர்ச்சியின்போது மக்கள் அந்தத் தளத்தைப் பெயர்த்துக் கற்களை எடுத்துப் போனார்கள். திரிகைகளைத் தேடி வீடு புகும் உரிமை உங்கள் பிரபுவுக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஆலைக் குத்தகை 10 ஷில்லிங் கூடும், குடிமனம் 2 குறையும்.

படி 6: கணக்கு நாளை நடத்துங்கள்

செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள். அறுவடை முடிந்து, ஓராண்டுக் கணக்கை மூடும் நாள். நடத்துநர் ரீவாகப் பேச, ஆட்டக்காரர் பிரபுவாக அமர்ந்து கேட்கட்டும். முதலில் ரீவ் பெற்றுக்கொண்டவை, பிறகு அவர் செலவிட்டவை, கடைசியில் அவர் தர வேண்டிய மீதி என்ற வரிசையில் கணக்கு போகும். இதுவே அன்றைய முறை.

கொடுத்த காசுக்குச் சான்றாகக் கணக்குக்குச்சிகளைப் பயன்படுத்தினார்கள். குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுகள் இட்டு, அதை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் தன் பாதியில் மட்டும் ஒரு வெட்டைக் கூட்டினால் உடனே தெரிந்துவிடும். மேசையிலும் இப்படியே செய்யுங்கள். பவுண்டுக்கு அகலமான வெட்டு, ஷில்லிங்குக்குக் குறுகிய வெட்டு. மாதங்கள் கழித்து ஆட்டக்காரர் தன் பாதியை எடுத்து வந்து நடத்துநரின் பாதியோடு வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவை, தாளில் எழுதிய எண் தராது.

கணக்கு நாளுக்கு முன் நடத்துநர் மறைவாக ஒரு பகடை உருட்டட்டும். 2 முதல் 5 வரை என்றால் ரீவ் நேர்மையானவர். 6 என்றால் பிரபுவுக்காகத் தன் காசைச் செலவிட்டுவிட்டுக் கேட்கத் தயங்குகிறார். 1 என்றால் விளைச்சலில் 10 குவார்ட்டரைக் குறைத்துச் சொல்கிறார். கண்டுபிடிக்கும் வழியை ஆட்டக்காரரே யோசிக்கட்டும்; வழிகள் உண்மையிலேயே இருக்கின்றன. வயலில் கட்டிய கதிர்க்கட்டுகளில் பத்தில் ஒன்று பங்குத்தந்தைக்குப் போகிறது. பண்ணையில் விளைந்தது 50 குவார்ட்டர் என்று ரீவ் சொல்லும்போது, அதே வயலிலிருந்து பங்குத்தந்தைக்குச் சேர்ந்த கட்டுகளைப் போரடித்ததில் 6 குவார்ட்டர் கிடைத்திருந்தால், மொத்தம் 60 என்பது வெளிப்படை. பங்குத்தந்தையிடம் கேட்கலாம் என்று ஆட்டக்காரருக்கே தோன்றும்வரை நடத்துநர் வாய் திறக்கக் கூடாது. களவு வெளிப்பட்ட பின், ரீவ் ஏன் எடுத்தார் என்பதையும் கேட்க வையுங்கள். படி 3-இல் எழுதிய கவலை இங்கேதான் பயன்படும்.

படி 7: மேலிடத்துக்குச் சேர வேண்டியது

பிரபுவுக்கும் மேலே ஒரு பிரபு உண்டு. போருக்கு அழைப்பு வந்தால் நேரில் போக வேண்டும், அல்லது போர்வரி கட்ட வேண்டும். முதலாம் எட்வர்டு காலத்தில் ஒரு நைட்டின் நிலத்துக்கு அது 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு. மேலிடத்துப் பிரபுவின் மூத்த மகன் நைட் ஆகும்போதும், மூத்த மகள் மணம் முடிக்கும்போதும் உதவித்தொகை கேட்கலாம். 1275 சட்டம் அதை 20 ஷில்லிங் என்று வரையறுத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகடை உருட்டி, 1 வந்தால் போர் அழைப்பு, 2 வந்தால் உதவித்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை ஆண்டில் அழைப்பு வந்தால், அடுத்த ஆண்டின் கம்பளியை வணிகரிடம் முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றுக் காசு வாங்கலாம். 5 பவுண்டு சாக்குக்கு 4 பவுண்டு கிடைக்கட்டும்.

கையில் காசு மிஞ்சினால் எதையாவது கட்டத் தோன்றும். காற்றாலைக்கு 10 பவுண்டு என்று வைத்து, ஆண்டுக்கு 1 பவுண்டு கூடுதல் வரவு கொடுங்கள். புதியவர்களுக்கு அதற்கு மேல் கட்டடப் பட்டியல் தேவையில்லை.

படி 8: வாரிசுக்குத் தாளை மாற்றுங்கள்

பிரபு இறந்தால், வாரிசு வயது வந்தவராக இருக்கும்பட்சத்தில் 100 ஷில்லிங் செலுத்தி நிலத்தைப் பெறுவார். 1215-இன் மேக்னா கார்ட்டா ஒரு நைட்டின் நிலத்துக்கு அதுவே உச்சவரம்பு என்று விதித்தது. கைம்பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் மூன்றில் ஒரு பங்கு நிலத்தின் வருமானம் உரியது. வாரிசு 21 வயது நிரம்பாத ஆண்பிள்ளை என்றால், மேலிடத்துப் பிரபு பாதுகாவலராகி, அதுவரை வருமானத்தைத் தானே எடுத்துக்கொள்வார். அந்த ஆண்டுகளில் பராமரிப்புச் செலவை அவர் செய்யமாட்டார் என்று வைத்து, ஆண்டுக்கு 1 பவுண்டு வீதம் நிலத்தின் வருமானத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிள்ளை வளர்ந்து தாளை வாங்கும் நாளில் நடத்துநர் ஒரு புதிய தாளை எடுத்து, தேய்ந்துபோன வருமானம், தந்தை விட்டுப்போன குடிமனம், தீராத கடன், இன்னும் உயிரோடிருக்கும் அலுவலர்களின் பெயர்கள் ஆகியவற்றை மட்டும் அதில் எழுதி, ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த உருட்டல் அந்த இலையுதிர்கால விதைப்பிலிருந்து தொடங்கும்.